வருகிற போனுக்குக் காசு இல்லை

முருகன் துணை

மஸ்கட்,
5.6.1998, வெள்ளி

மேரியக்காவுக்கு மேட்டுக்களம் நல்லுசாமி எழுதிக்கொள்வது.

உங்களிடம் பேசிவிட்டுப் போனை வைத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கேம்புக்குத் திரும்புகிற வண்டி ஆறு மணிக்குத்தான் வரும். அதுவரைக்கும் தபால் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து இதை எழுதி, இங்கேயே பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறேன். அடுத்த வாரம் எங்கள் கேம்பை மணலுக்குள் இன்னும் இருநூறு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோகிறார்கள். அங்கே போன் கிடையாது. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் லாரியோடு தபால் வருமாம்.

"அம்மாவுக்கு உடம்புக்கு முடியல தம்பி, உடனே கெளம்பி வாங்க" என்று சொன்னீர்கள். "உள்ளதைச் சொல்லுங்கக்கா" என்று கேட்டேன். "உள்ளதைத்தான் சொல்றேன், கெளம்பி வாங்க" என்றீர்கள். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. மேரியக்கா பூத்தில் சாவைப் போனில் சொல்ல மாட்டார்கள், உடம்புக்கு முடியவில்லை என்றுதான் சொல்வார்கள் என்பது குஜிலியம்பாறையில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.

அப்பாவுக்கும் இதே வார்த்தையைத்தான் சொன்னீர்கள். அப்போது நான் பம்பாயில் இருந்தேன். இரண்டு நாள் ரயிலில் வந்தேன். அப்பாவுக்கு என்று ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஒரு டஜன் சாத்துக்குடியும் வாங்கி வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி நேரே உங்கள் பூத்துக்குத்தான் வந்தேன். டீ வாங்கிக் கொடுத்தீர்கள். என் கையில் இருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பார்த்தீர்கள். "வீட்டுக்குப் போங்க தம்பி" என்று மட்டும் சொன்னீர்கள். நான் போகும்போது வாசலில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இதைக் குறையாக எழுதவில்லை அக்கா. போனில் சொல்லியிருந்தால் ரயிலில் நான் எப்படி வந்திருப்பேனோ தெரியாது. இந்தத் தடவை புரிந்துகொண்டேன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் வரவில்லை. பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருக்கிறது. கெஞ்சி வாங்கி, டிக்கெட் கிடைத்து, வந்து சேர ஒரு வாரம் ஆகும். இந்த நேரத்தில் ஊருக்குப் போகிறவர்களைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று போன வாரமே சொல்லிவிட்டார்கள். அம்மா உயிரோடு இருந்தால் வேலை போனாலும் மயிரே போச்சு என்று வந்திருப்பேன். இனி யார் முகத்தைப் பார்க்க வரட்டும்?

இந்தக் கடிதத்தை எங்கள் அக்கா சிவனம்மாளிடம் வாசித்துக் காட்டுங்கள். அம்மாவை அப்பாவுக்குப் பக்கத்தில் வேலியோரம்தான் அடக்கம் பண்ணியிருப்பார்கள். தலைமாட்டில் ஒரு கல் நட வேண்டும். வெள்ளாட்டை விற்க வேண்டாம், அக்கா ஓட்டிக்கொண்டு போகட்டும். போன வருஷம் நான் கொடுத்துவிட்ட நீலப் போர்வையை அம்மா பிரிக்காமல் பெட்டியிலேயே வைத்திருந்தது. அதையாவது மேலே போர்த்தினார்களா என்று கேட்டு எழுதுங்கள்.

மாதா மாதம் முதல் வெள்ளிக்கிழமை நான் போன் பண்ணுவேன் என்று அம்மா மூன்று மணிக்கே வந்து உங்கள் பூத்தில் உட்கார்ந்துவிடும் என்று சொல்வீர்கள். இனி அந்தத் தொந்தரவு உங்களுக்கு இல்லை.

இப்படிக்கு,
நல்லுசாமி


மாதா துணை

குஜிலியம்பாறை,
15.6.98, திங்கள்

நல்லுசாமித் தம்பிக்கு,

உங்கள் அம்மா உயிரோடு இருக்கிறது.

இந்த வரியை இரண்டு தடவை படியுங்கள். அப்புறம் மீதியைப் படிக்கலாம்.

உங்கள் கடிதம் இன்று பதினோரு மணிக்கு வந்தது. வழக்கம்போல எங்கள் பூத் விலாசம் போட்டு வந்ததால், வழக்கம்போல நான்தான் பூத்தைச் சாத்திவிட்டு மேட்டுக்களத்துக்கு நடந்துபோனேன். அம்மா கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தது. தபால் என்றதும் எழுந்து உட்கார்ந்துகொண்டு, "எங்க, வாசி" என்றது. எப்போதும்போல அதன் முன்னாலேயே பிரித்தேன். பார்க்கிறேன், அடக்கம், தலைமாட்டில் கல், அது இது என்று எழுதியிருக்கிறது. அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

என்ன செய்வேன்? நல்லா இருக்கேன், சாப்பாட்டுக்குக் குறையில்லை, லீவு கேட்டிருக்கேன், சீக்கிரம் வாரேன் என்று நானே கட்டி வாசித்தேன். "ரெண்டு பக்கம் எழுதியிருக்கான், நீ ரெண்டு வரி வாசிக்கிறியேடி" என்றது. எழுத்துப் பெரிசு ஆத்தா என்று சமாளித்துவிட்டு, வெளியே வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

சொன்ன வாயை வெட்டிக்கொள்ளலாமா என்று இருக்கிறது. ஆனால் தம்பி, அன்று நான் சொன்னது அத்தனையும் நிஜம். அம்மாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. திண்டுக்கல்லில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார். ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ என்றார். நான் எழுதுவது கல்நெஞ்சாகத் தெரிந்தாலும் தெரியட்டும், அம்மா பிழைக்காது. ஆனால் இன்றைக்கு இருக்கிறது. என்னைப் பார்த்து, காப்பி குடிக்கிறியா மேரி என்று கேட்கிறது.

இந்தப் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. 91-ல் பூத் போட்ட புதிசு. நாற்பது வீட்டுக்கு என் நம்பர்தான் நம்பர். யாருக்கு எது வந்தாலும் எழுதிவைத்து, வீடு தேடிப் போய்ச் சொல்வேன். பூத் என்றால் மீட்டரைப் பார்த்துக் காசு வாங்குவது மட்டுமா, சேதியைப் பக்குவமாகச் சேர்ப்பதுதானே வியாபாரம் என்று எனக்கு ஒரே பெருமை. சூரத்தில் வேலை பார்த்த முனீர் அண்ணன் போன் பண்ணினபோது, வீட்டம்மா இறந்துட்டாங்கண்ணே என்று பட்டென்று சொல்லிவிட்டேன். போனை வைத்துவிட்டு ரோட்டில் இறங்கி நடந்தவர், ஊர் வந்து சேர ஒன்பது நாள் ஆனது. நடுவில் எங்கே இருந்தோம் என்று இன்றுவரைக்கும் அவருக்கே தெரியவில்லை. அதிலிருந்து போன் வயரில் சாவு சொல்வதில்லை என்று மாதா முன்னால் மெழுகுவத்தி ஏற்றிச் சத்தியம் பண்ணினேன். அதற்காகவே ஜனங்கள் என்னைத் தேடி வந்தார்கள். எதிர்த்தாப்பில் இன்னொரு பூத் வந்தபிறகும் ஒரு வீடுகூட அங்கே போகவில்லை. கடைசியில் அது உங்கள் தலையில் விடிந்திருக்கிறது.

உங்கள் கம்பெனி நம்பருக்கு இன்றைக்கு மூன்று தடவை போட்டேன். ஒரு மலையாளத்துக்காரர் எடுத்து, ஆள் கேம்பில் இருக்கிறார், சேதியை எழுதிக்கொள்கிறேன் என்றார். எழுதினாரோ இல்லையோ. தந்தியும் கொடுத்திருக்கிறேன்.

இனி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நாலு மணியிலிருந்து எட்டு மணிவரைக்கும் அம்மா என் பூத்தில் இருக்கும். ஜமால் முகமது ஆட்டோவைப் பேசிவிட்டேன். எப்படியாவது டவுனுக்கு வந்து ஒரு போன் பண்ணுங்கள். வர முடிந்தால் வாருங்கள். முடியாவிட்டால் குரலாவது வரட்டும்.

ஆனந்தமேரி


முருகன் துணை

கேம்ப்,
18.6.98

ஆனந்தமேரி அக்காவுக்கு,

உங்கள் தந்தி இன்றைக்கு லாரியில் வந்தது. அம்மா உயிரோடு இருக்கிறது, வெள்ளிக்கிழமை போன் செய் என்று இருந்தது. தந்தி கொடுத்த தேதி ஜூன் 15.

தந்தியிலுமா அக்கா?

நான் ஐந்தாம் தேதி போட்ட கடிதம் உங்களுக்குப் பதினைந்தாம் தேதிவாக்கில்தான் கிடைத்திருக்கும். கிடைத்த அன்றைக்கே தந்தி கொடுத்திருக்கிறீர்கள். நான் வரவில்லை என்று எழுதியதைப் பார்த்ததும்தான் அம்மாவுக்கு உயிர் வந்ததா? எங்கள் அக்கா உங்களிடம் வந்து அழுதிருக்கும். ஒரே ஆம்பிளைப் பிள்ளை, காரியத்துக்காவது வர வேண்டாமா என்று சொல்லியிருக்கும். நீங்களும் மனசு கேட்காமல் கொடுத்திருப்பீர்கள். உங்கள் நல்ல மனசு எனக்குத் தெரியும். அதுதான் பயமாக இருக்கிறது.

நம்பி ஓடிவந்து நான் பஸ்ஸை விட்டு இறங்கினால், மறுபடியும் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, வீட்டுக்குப் போங்க தம்பி என்பீர்கள். அந்த டீயை இன்னொரு தடவை என்னால் குடிக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை கேம்பில் ஒரு ஆந்திராக்காரரைக் கொண்டு தலையை மழித்துக்கொண்டேன். ஒரு வாளித் தண்ணீர் கூடுதலாகக் கொடுத்தார்கள். தலை முழுகினேன். என் வரைக்கும் முடிந்துவிட்டது. டவுனுக்குப் போகிற முதல் வெள்ளிக்கிழமை வண்டியில் என் பேரை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். அன்றைக்கும் வேலை செய்கிறேன்.

இனிமேல் தந்தி கொடுக்க வேண்டாம்.

நல்லுசாமி


மாதா துணை

குஜிலியம்பாறை,
29.6.98

தம்பி நல்லுசாமிக்கு,

அட பாவி மனுசா, பெற்றவள் உயிரோடு இருக்கும்போது தலையை மழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயே. கோபத்தில் நீ என்று வந்துவிட்டது. வந்தது வந்ததாகவே இருக்கட்டும்.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். உன்மேல் தப்பு இல்லை. ஏழு வருஷமாக நான் புலி வருது புலி வருது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நிஜப்புலி வந்தபோது நீ நம்பவில்லை. என் பூத்தைத் தவிர வேறு எங்கிருந்து யார் சொல்லியிருந்தாலும் நீ பெட்டியைக் கட்டியிருப்பாய்.

நடந்ததைச் சொல்கிறேன், கேள். பத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை அம்மா பூத்துக்கு வந்தது. ஜமால் முகமதும் நானும் ஆட்டோவிலிருந்து கைத்தாங்கலாக இறக்கினோம். கால் இரண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கிறது. அந்தக் காலோடு வந்த மனுஷி, பச்சைச் சேலை கட்டி, தலையை வழித்துச் சீவி, திருநீறு பூசிக்கொண்டு வந்திருந்தது. "போன்ல தலை தெரியாது ஆத்தா" என்றேன். "பேச்சுல தெரிஞ்சிரும்டி" என்றது.

நாலு மணியிலிருந்து எட்டு மணிவரைக்கும் பதினோரு போன் வந்தது. ஒவ்வொரு போன் மணிக்கும் அம்மா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தது. அவனா, அவனா என்று கேட்டது. இல்லை என்று பதினோரு தடவை சொன்னேன். போன வெள்ளியும் இதே கதைதான். அன்றைக்கு உட்கார முடியவில்லை. பெஞ்சில் நீலப் போர்வையை விரித்துப் படுக்கவைத்தேன். ஆமாம், அந்தப் போர்வையைப் பிரித்தாயிற்று. நான்தான் சண்டை போட்டுப் பிரிக்கவைத்தேன்.

உன்னை எப்படி நம்பவைப்பது என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். மாதாமேல் சத்தியம் பண்ணலாம். நீ அதையும் என் நல்ல மனசு என்பாய். அதனால் அம்மாவிடமே கேட்டேன். உனக்கும் அவனுக்கும் மட்டும் தெரிஞ்ச ஒண்ணு சொல்லு ஆத்தா, விளையாட்டுக்கு எழுதணும் என்றேன். அது சொன்னது, நீ மஸ்கட்டுக்குக் கிளம்பின முந்தின நாள் பொழுது சாய ஆட்டுக்கொட்டத்தில் நின்று அழுதாயாம். ஆட்டின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாயாம். யாரும் பார்க்கவில்லை என்று நீ நினைத்திருப்பாய். அம்மா தண்ணீர்ப் பானையோடு வாசலில் நின்றதாம்.

இது எனக்கு எப்படித் தெரியும்? செத்துப்போனவள் வந்து சொல்வாளா?

இன்னும் நாலு நாளில் மூன்றாம் தேதி, முதல் வெள்ளி. முதல் வெள்ளி அவன் மறக்க மாட்டான், இம்புட்டு நாளும் லைன் கிடைக்கலை, அவ்வளவுதான் என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறது. இந்தக் கடிதம் அதற்குள் வராது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

கிடைத்த அன்றைக்கே போன் பண்ணு. லாரியில் ஏறு, நட, என்னவாவது செய்.

ஆனந்தமேரி


மஸ்கட்,
10.7.98, வெள்ளி

அக்கா,

உங்கள் கடிதங்கள் இரண்டும் ஒன்றாக நேற்று லாரியில் வந்தன. ஆட்டுக்கொட்டத்தைப் படித்ததும் எழுந்துவிட்டேன். அதே லாரியில் ஏறி, காலையில் டவுனுக்கு வந்து, கடை திறக்கும்வரைக்கும் போன் கார்டுக்கு நின்றேன். அம்மாவைக் கூப்பிடுங்கக்கா என்று நான் சொன்னதும் நீங்கள் சொன்னீர்கள்: "அம்மா செவ்வாக்கிழமை வெடியக்காலம் செத்துப்போச்சு தம்பி. ஏழாம் தேதி. அன்னைக்கே அடக்கம் பண்ணியாச்சு."

ஒரு வார்த்தை சுற்றி வளைக்கவில்லை. நீங்களா பேசுவது என்று இருந்தது. அதற்குப் பிறகு நீங்கள் பேசியதோ நான் பேசியதோ ஒன்றும் நினைவில்லை. போன் கார்டில் காசு தீர்ந்து தானாகவே நின்றுவிட்டது.

மூன்று நாள் பிந்திவிட்டேன் அக்கா. மூன்றாம் தேதி நான் எப்போதும்போல டவுனுக்கு வந்திருந்தால் பேசியிருப்பேன். நான்தான் வண்டியில் பேரை எடுக்கச் சொன்னேன். அன்றைக்கு நாள் பூராவும் குழாய்க்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எழுதியிருக்கிற நாலு மணிக்கு இங்கே இரண்டரை மணி. எந்தக் குழாயில் நின்றேன் என்றுகூட எனக்குத் தெரியும்.

உங்களைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். அப்பா சாவன்று ஒரு வார்த்தை உள்ளபடி சொல்லியிருந்தால், இன்றைக்கு உங்கள் வார்த்தையை நம்பியிருப்பேன். நாற்பது வீட்டுக்கும் நல்லவராக இருக்கப் பார்த்தீர்கள். எழுதிப் பார்த்தால் அது பாதிதான் நியாயமாகத் தெரிகிறது. மீதிப் பாதி நான். நீங்கள் அன்றைக்கு உள்ளதைத்தான் சொல்றேன் என்று சொன்னீர்களே. இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்க எனக்குத் தைரியம் இல்லை. செத்துவிட்டது என்று நானே முடிவு கட்டினால் நீங்கள் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

எனக்கு ஒன்று மட்டும் வேண்டும். மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை அம்மா பூத்துக்கு வந்ததா? என்ன சொன்னது? என்னைத் திட்டியதா? உள்ளபடி எழுதுங்கள். ஆறுதலுக்கு என்று ஒரு வார்த்தை சேர்த்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். சேர்த்தால் இனி உங்கள் எழுத்தைப் பிரிக்க மாட்டேன்.

நல்லுசாமி


மாதா துணை

குஜிலியம்பாறை,
22.7.98

நல்லுசாமிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு நாள் ஆகிவிட்டது. எழுத உட்காருவேன், யாராவது போன் பண்ண வந்துவிடுவார்கள். அது ஒரு சாக்கு. பயந்துகொண்டுதான் தள்ளிப்போட்டேன்.

முதலில் அம்மா சங்கதி. திங்கட்கிழமை ராத்திரியிலிருந்து பேச்சு இல்லை. செவ்வாய் விடிகிற நேரம் போய்விட்டது. உங்கள் அக்கா மடியில் தலை இருந்தது. வலி இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்பாவுக்குப் பக்கத்தில்தான் அடக்கம். நீலப் போர்வையைப் போர்த்தினோம். கல் இன்னும் நடவில்லை, அவன் வந்து நடட்டும் என்று உங்கள் அக்கா சொல்கிறது. உன் முதல் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று அம்மாவுக்குத் தெரியாது. அதை உங்கள் அக்காவுக்கும் நான் வாசிக்கவில்லை. என் பெட்டியில் இருக்கிறது. கிழித்துப்போடு என்றால் கிழித்துப்போடுகிறேன்.

இனி மூன்றாம் தேதி. நீ உள்ளபடி கேட்டிருக்கிறாய். உள்ளபடி சொன்னால் நான் செய்த இன்னொரு களவாணித்தனத்தையும் சொல்ல வேண்டும்.

அம்மா வந்தது. அன்றைக்கு மதியம் இரண்டு மணிக்கே வந்துவிட்டது. முதல் வெள்ளியாச்சே. பெஞ்சில் படுத்துக்கொண்டு, கண்ணை மட்டும் போன்மேல் வைத்திருந்தது. நாலு மணி ஆனது, ஐந்து ஆனது. ஒவ்வொரு போன் மணிக்கும் அது தலையைத் தூக்கும், நான் இல்லை என்பேன், தலை கீழே விழும். ஆறு மணிக்கு மேலே அதுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. வீட்டுக்குப் போவோம் ஆத்தா என்றேன். "செத்த நேரம் இரு மேரி, இப்ப வந்துரும்" என்றது. ஜமால் முகமது ஆட்டோவில் உட்கார்ந்து துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுகிறார்.

ஆறரைக்குப் போன் மணி அடித்தது. எடுத்தேன். பாளையம் பக்கத்து ஆள், வேறு வீட்டுக்கு வந்த போன். பத்து நிமிஷம் கழித்துப் பண்ணுங்கள் என்றேன், அவர் வைத்துவிட்டார். நான் வைக்கவில்லை. ஒரு விரலால் போன் மேலே ரிசீவர் உட்காருகிற கட்டையை அமுக்கிக்கொண்டேன், ரிசீவரில் கொர் சத்தம் கேட்காமல் இருக்க. "ஆத்தா, நல்லுசாமிதான்" என்றேன். "வெளிநாட்டு லைனு, அவன் பேசறது நமக்குக் கேக்காது, நாம பேசறது அவனுக்குக் கேக்கும், நீ பேசு" என்று சொல்லி, ரிசீவரை அதன் காதில் வைத்தேன். பேசி முடிக்கிறவரைக்கும் விரலை எடுக்கவில்லை. விரல் மரத்துப்போனது.

நீ இல்லாத போனில் உன் அம்மாவைப் பேசவைத்தேன். இதற்கு நீ என்னை என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்கிறேன். நம்பியதா, நம்பாமல் எனக்காகப் பேசியதா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன்.

ஆனால் என்ன பேசியது என்று தெரியும். நாற்பது வீட்டுச் சேதியை மனப்பாடம் பண்ணிப் பழகின மண்டை இது. அன்றைக்கு அம்மாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்ததும் நோட்டில் எழுதிவைத்துவிட்டேன். உனக்கு வந்த சேதி, உன் கையில் சேர்க்க வேண்டியது என் வேலை. ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இதுதான்:

"நல்லு, அம்மா பேசறேன்ப்பா. சாப்டியா? கேக்குதாடா? மேரி கேக்குதுங்குது. எனக்கு ஒண்ணுமில்ல, காலுதான் வீங்கிக் கெடக்கு. வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டிருக்கு, ரெண்டுமே கெடா. நீ வரவேணாம். அம்புட்டுத் தொலவு வந்து, வேலையும் போயி, என்னைப் பாத்து என்ன செய்யப்போற. அன்னைக்கு நீ ஆட்டுக்கொட்டத்துல அழுதேல்ல. நான் பாத்தேன். பாக்காத மாதிரி திரும்பிப் போயிட்டேன். போவேணாம்டான்னு ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கணும். வாய் வரைக்கும் வந்துச்சு, சொல்லலை. அதான் மனசுல கெடந்துச்சு, இப்ப சொல்லிட்டேன். போர்வை நல்லா கதகதன்னு இருக்கு. வெயில்ல நிக்காத. அம்புட்டுத்தான். வெச்சிரட்டா? உனக்குக் காசு ஓடும்."

திட்டவில்லை. உன்னைப் பற்றி வேறு எதுவும் என்னிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எழுதியிருப்பேன்.

நீ பத்தாம் தேதி போன் பண்ணினபோதுதான் என் சத்தியத்தை உடைத்தேன். சுற்றி வளைத்தால் நீ ஒரு நிமிஷமாவது அம்மா இருக்கிறது என்று நினைப்பாயே, அந்த ஒரு நிமிஷத்தைக் கொடுத்துப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. அதிலிருந்து எல்லோருக்கும் உள்ளதையே சொல்கிறேன். போன வாரம் திருப்பூரில் ஒருவருக்கு அப்பா இறந்ததைச் சொன்னேன். அவர் வீட்டு ஆட்கள் பூத்து வாசலில் வந்து நின்று, கல்நெஞ்சுக்காரி என்று திட்டிவிட்டு, எதிர்த்தாப்பு பூத்துக்கு நம்பரை மாற்றிக்கொண்டார்கள். இதுவரைக்கும் ஆறு வீடு போய்விட்டது. போகட்டும். இருக்கிறவர்கள் நான் உடம்பு சரியில்லை என்றால் உடம்புதான் சரியில்லை என்று நம்பட்டும்.

ஒன்று விட்டுப்போயிற்று. அதையும் எழுதிவிடுகிறேன், நீ உள்ளபடி கேட்டதால்.

ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டு அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தது. "எம்புட்டு ஆச்சு மேரி?" என்றது. வருகிற போனுக்குக் காசு இல்லை ஆத்தா என்றேன். அன்றைக்கு நான் அதனிடம் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம்.

ஆனந்தமேரி